பூவரசம் பீப்பியிலிருந்து சீவாளி வரை

உங்க ஊர்ல வாய்க்கால் இருக்கா? கரையில பூவரச மரம் இருக்கா? அப்படின்னா சின்ன வயசுல நீங்க ஒரு டபுள் ரீட் வாத்தியம் செஞ்சு வாசிச்சிருப்பீங்க. இலையைச் சுருட்டி, ஒரு நுனியை விரலால நசுக்கி, உதட்டுக்கு நடுவுல வெச்சு ஊதினா "பீஈஈ"ன்னு வீட்ல இருக்கிறவங்க எரிச்சல் ஆகுற வரைக்கும் கத்துமே, அதேதான். நாகஸ்வரம், ஷெனாய், ஓபோ எல்லாம் அந்தப் பீப்பியோட பெரியப்பா, சித்தப்பா முறை. சாக்ஸபோனும் கிளாரினெட்டும் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.

நான் மெக்கானிக்கல் கடைசி வருஷம். ஊர் திருவிடைமருதூர். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். அதனால இந்தக் கட்டுரையில பாதி வார்த்தை இங்கிலீஷாத்தான் வரும், பொறுத்துக்கங்க. "ரெசனன்ஸ்" என்பதற்குத் தமிழ்ல "ஒத்ததிர்வு" என்று ஹாஸ்டல் ரூம்மேட் சொல்லித்தான் தெரியும். நாகஸ்வரத்துக்குப் பக்கத்துல ஒரே சுருதியை விடாம பிடிச்சுக்கிட்டு ஊதுற குழலுக்குப் பேர் "ஒத்து". ரெண்டு வார்த்தையும் ஒரே வேர்ல வந்து நிக்கிறதைப் பார்த்ததும் எனக்கு இந்த விஷயத்தை எழுதணும்னு ஆசை வந்துடுச்சு.

ஆனா இது ஆரம்பிச்சது வைப்ரேஷன்ஸ் வகுப்புல இல்ல. பெரியப்பா பொண்ணு கல்யாணத்துல.

ஏ.சி. மண்டபம். நான் மேடைக்குப் பக்கத்துல, நாயனக்காரங்களுக்குக் காபி கொண்டு வந்து குடுக்குற டியூட்டி. முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். நல்லா வாசிச்சுக்கிட்டு இருந்த பெரியவருக்குத் திடீர்னு சத்தம் உடைஞ்சது. ஒரு ஸ்வரத்துல நின்னா "கிர்"ருங்குது. அவர் பதறவே இல்ல. சீவாளியைக் கழட்டினார். குழல்ல நூல்ல கட்டித் தொங்குற ஊசியை எடுத்து அதோட வாயைக் கொஞ்சம் விரிச்சார். ஊதினார். சரிவரல. அதே நூல்ல தொங்குன வேறொரு சீவாளியை வாயில போட்டு ஊறவெச்சு மாட்டினார். அதுவும் சரியில்ல. மூணாவது பேசிச்சு. அதுக்குள்ள ஐயர் கை காட்டிட்டார், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அந்த நிமிஷம் எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. தாலி கட்டுற நேரத்துல ஒரு தும்மல், ஒரு அபசகுனப் பேச்சுகூடக் காதுல விழக் கூடாதுன்னுதான் தவிலும் நாயனமும் அப்படி முழங்குது. முந்நூறு பேர் இருக்கிற ஹாலோட மொத்த நம்பிக்கையும் அப்போ ஒரு துண்டுப் புல்லு மேல நிக்குது.

சாப்பாடு முடிஞ்சதும் பெரியவர்கிட்ட போய்க் கேட்டேன். "ஐயா, ஒரு குழலுக்கு எதுக்கு இத்தனை சீவாளி?"

"ஏன் தம்பி, மாப்பிள்ளை ஒரே சட்டையோடயா வந்தாரு?"

நான் விடல. "பிளாஸ்டிக்ல ஒண்ணு செஞ்சுட்டா காயாது, கிழியாது, ஒரே மாதிரி இருக்குமே ஐயா?"

அவர் சிரிக்கவும் இல்ல, கோவிக்கவும் இல்ல. "செஞ்சு கொண்டா. ஊதிப் பாக்குறேன்."

அவர் சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குத்தான் அது அசைன்மென்ட் மாதிரி ஆயிடுச்சு. அடுத்த நாலு மாசம் நான் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை.

குழல், கெண்டை, சீவாளி

முதல்ல ஊர்ப் பெருமை, சுருக்கமா. திருவிடைமருதூர்லேர்ந்து மயிலாடுதுறை ரோட்டுல போனா ஆடுதுறை தாண்டி நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்யுற ஊர். 2022-ல நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. குழல் ஆச்சா மரத்துல செய்றாங்க. அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற உத்தரம், தூண் மாதிரி பல வருஷம் காய்ஞ்ச மரம்தான் வேணும். கொஞ்சம் தள்ளித் திருவாவடுதுறை, டி.என். ராஜரத்தினம் பிள்ளையோட ஊர் (1898–1956). முன்னாடி எல்லாரும் வாசிச்சது திமிரி நாயனம், குட்டை, சுருதி அதிகம். அதுல சுத்த மத்தியமம் சுத்தமா விழாது. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி, ராஜரத்தினம் பிள்ளைக்காக நீளமான பாரி நாயனத்தைச் சரிபண்ணிச் செஞ்சு அந்தக் குறையைத் தீர்த்தார். இன்னிக்கு நீங்க கச்சேரியில கேக்குறது பெரும்பாலும் பாரிதான்.

குழலோட உள்துளை மேல குறுகலா ஆரம்பிச்சுக் கீழ போகப் போக விரியுது, அதாவது கூம்பு வடிவம். விரல் வைக்க ஏழு துளை, கீழ விரல் படாத துளை அஞ்சு. அடியில மணி மாதிரி விரிஞ்ச பாகம் அணசு. மேல் நுனியில சின்ன உலோகக் குழாய் ஒண்ணு சொருகி இருக்கும், அது கெண்டை. அதுக்கு மேலதான் சீவாளி.

சீவாளியைக் கையில வாங்கிப் பாருங்க. ஒரு பக்கம் உருண்டை, நூல் சுத்திக் கட்டியிருக்கும். இன்னொரு பக்கம் சின்ன விசிறி மாதிரி தட்டையா இருக்கும், நடுவுல ஒரு கீறல் அளவுக்கு இடைவெளி. அவ்வளவுதான். காவிரி, கொள்ளிடக் கரையில வளர்ற கொருக்கந்தட்டைங்கிற நாணல் வகையை வெட்டிக் காயவெச்சு, பதப்படுத்தி, தட்டையாக்கி, கட்டி, கத்தியால சீவிச் சீவிக் கொண்டு வர்றாங்க. "ஜீவாளி"ன்னு சொல்றவங்களும் உண்டு. எனக்கு அந்தப் பேரும் பொருத்தமாத்தான் படுது.

ரீட் உண்மையில என்ன பண்ணுது?

நம்மள்ல பெரும்பாலானவங்க நினைக்கிறது இது: ரீட் கிடார் கம்பி மாதிரி அதிருது, குழாய் ஸ்பீக்கர் மாதிரி அதைப் பெருக்குது. நானும் அப்படித்தான் நினைச்சேன். தப்பு.

சீவாளியை மட்டும் கழட்டி ஊதிப் பாருங்க. "கீச்"னு ஒரு வாத்துக் குரல் வரும், ரொம்ப மேல் சுருதியில. அதே சீவாளியைக் குழல்ல மாட்டினதும் அந்தக் குரல் அடங்கி, குழல் சொல்ற சுருதிக்கு வந்துடும். விரலைத் தூக்கினா சுருதி மாறுது, சீவாளி மாறல. அப்போ யாரு முதலாளி? குழாய்தான். சீவாளி ஒரு வால்வ். குழாய் எப்போ திறக்கச் சொல்லுதோ அப்போ திறக்குது, மூடச் சொன்னா மூடுது.

இப்படி யோசிங்க. உங்க மூச்சு ஒரு டி.சி. சப்ளை, ஒரே சீரா வர்ற அழுத்தம். சீவாளி அதைத் துண்டு துண்டா வெட்டி உள்ளே விடுது. ஒரு துண்டு உள்ளே போனதும் ஒரு அழுத்த அலை குழாய்க்குள்ள கீழ ஓடும். திறந்திருக்கிற முதல் துளைகிட்டப் போய்ப் பெரும்பகுதி திரும்பி வரும். திரும்பி வந்த அலை சீவாளியோட உதட்டை அசைச்சு அடுத்த துண்டை உள்ளே விடும். குழந்தையை ஊஞ்சல்ல ஆட்டுறோம்ல? ஊஞ்சல் நம்மகிட்ட வர்ற நேரம் பார்த்துத்தான் தள்ளுறோம். அந்த நேரத்தை ஊஞ்சல்தான் முடிவு பண்ணுது. மத்திய ஸ்தாயியில 2 கட்டை ஸட்ஜம்னா சுமார் 294 ஹெர்ட்ஸ். அதாவது அந்தப் புல்லு ஒரு செகண்டுக்கு 294 தடவை திறந்து மூடுது. ஒரு சுத்துக்கு 3.4 மில்லி செகண்ட்.

சரி, ஊஞ்சலைத் தள்ள ஆள் வேணுமே? இங்க தள்ளுறது யாரு? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஈ.சி.ஈ. நண்பர்கள் உஷாராகுங்க.

ஒரு சாதாரணக் குழாயில அழுத்தம் ஏற ஏறக் காத்து அதிகமாப் போகும். ரீட்ல அப்படி இல்ல. வாய்க்குள்ள அழுத்தம் ஏறும்போது காத்து வேகமாப் போகப் பார்க்குது, ஆனா அதே அழுத்தம் ரீட்டோட உதடுகளை வெளியிலேர்ந்து நெருக்கி வழியையும் அடைக்குது. ரெண்டும் போட்டி. ரீட் முழுசா மூடிக்கிற அழுத்தத்தை 1 என்று வெச்சுக்கங்க. வாய்க்கும் குழாய்க்கும் உள்ள அழுத்த வித்தியாசம் அதுல ஒரு பங்கு, "ப". வழியோட அளவு (1 − ப). காத்தோட வேகம் √ப-க்கு ஏத்த மாதிரி. ஆக உள்ளே போற காத்து (1 − ப) × √ப. இதை டிஃபரன்ஷியேட் பண்ணிப் பூஜ்யத்துக்குச் சமமாப் போடுங்க, நாலு வரிதான். விடை ப = 1/3.

அதாவது மூடுற அழுத்தத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஊத ஊதக் காத்து கூடும். அதுக்கு மேல ஊத ஊதக் காத்து குறையும்! அழுத்தம் கூடினா ஓட்டம் குறையுது. டனல் டயோடுல படிச்சோமே, நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ், அதே கதை. ஆசிலேட்டருக்கு வேற என்ன வேணும்? குழாயில உரசியும் வெளியில ஒலியாவும் போற சக்தியை இந்த நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ் மூச்சிலேர்ந்து எடுத்துத் திரும்ப ஊட்டிக்கிட்டே இருக்குது. ஊஞ்சலைத் தள்ளுற ஆள் இவர்தான்.

இது ரொம்ப எளிமையாக்கின கணக்கு. நிஜத்துல ரீட்டுக்கு எடை இருக்கு, உதட்டோட தணிப்பு இருக்கு. ஆனா இந்தச் சின்னக் கணக்கை வெச்சே வாசிக்கிறவங்க சொல்ற பல விஷயம் புரியும். மெல்ல ஊதினா ஏன் வெறும் காத்துச் சத்தம் மட்டும் வருது? 1/3-ஐ எட்டல. சீவாளியை அழுத்திக் கடிச்சா ஏன் சத்தம் செத்துப் போகுது? வழி மூடிடுச்சு. கனமான சீவாளி ஏன் மூச்சை வாங்குது? மூடுற அழுத்தம் அதிகம், அதனால அதுல மூணுல ஒரு பங்கும் அதிகம். நாகஸ்வரம் கோயில் நாலு வீதிக்கும் மைக் இல்லாம கேக்கணும்னா அந்த விலையை நெஞ்சு குடுத்துத்தான் ஆகணும். திருவிடைமருதூர் மகாலிங்கசாமி கோயில் தைப்பூசத்துக்கு வந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

பெரியவர் ஊசியால விரிச்சாரே, அது என்ன? உதடுகளுக்கு நடுவுல உள்ள ஆரம்ப இடைவெளியைக் கூட்டினார். கத்தியால சீவினா? அது இன்னும் ஆபத்தான வேலை. ஒரு தகட்டோட வளையும் விறைப்பு அதோட தடிமனின் மும்மடிக்கு ஏத்த மாதிரி. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல மனப்பாடம் பண்ணிட்டு மறந்த சூத்திரம். தடிமன்ல பத்துல ஒரு பங்கு சீவினா விறைப்பு 27 சதவீதம் போயிடும். மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள ஒரு புல்லுல பத்துல ஒரு பங்குன்னா எவ்வளவு? மைக்ரோமீட்டர் இல்லாம, கட்டைவிரல் உணர்ச்சியை மட்டும் வெச்சு அதைச் செய்றாங்க.

ஒரு சின்னச் சுத்து: சாக்ஸபோன் வரைக்கும்

அடால்ஃப் சாக்ஸ் 1846-ல பிரான்ஸ்ல காப்புரிமை வாங்கின வாத்தியம் சாக்ஸபோன். அதுல ஒரே ரீட். ஒரு தகட்டுப் புல்லு, அதை மவுத்பீஸ் மேல வெச்சுக் கட்டியிருக்கும். சீவாளியில ரெண்டு உதடு ஒண்ணை ஒண்ணு முட்டுது, இதுல ஒரு உதடு சுவத்தை முட்டுது, அவ்வளவுதான் வித்தியாசம். கிளாரினெட்லயும் இதே ஒத்தை ரீட்தான். ஆனா கிளாரினெட் குழாய் நேர் உருளை, சாக்ஸபோன் கூம்பு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கூம்புக் குழாயில ஸட்ஜத்தைப் பிடிச்சுக்கிட்டு மேல தாவினா மேல் ஸட்ஜத்துக்குப் போகும், ரெண்டு மடங்கு. உருளைக் குழாயில ஒரு பக்கம் ரீட் மூடியிருந்தா மூணு மடங்குக்குத் தாவும், அதாவது மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்கு. அதனால விரல் கணக்கை வெச்சுப் பார்த்தா சாக்ஸபோனுக்குக் கிட்டத்துச் சொந்தம் கிளாரினெட் இல்ல, நம்ம நாகஸ்வரம்தான்.

இதைக் கத்ரி கோபால்நாத் (1949–2019) கணக்குப் போட்டு எடுத்திருக்க மாட்டார். ஆனா அவர் அப்பா நாகஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸபோனைக் கேட்டுட்டு அதை எடுத்தவர், சாவி வெச்ச வாத்தியத்துல கமகம் வருமான்னு கேட்டவங்களுக்கு வாசிச்சுக் காட்டினார். சாவி திறந்திருக்கும் இல்ல மூடியிருக்கும், நடுவுல எதுவும் இல்ல. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவுல வழுக்கிட்டுப் போற வேலையில பெரும்பங்கு ரீட்டும் உதடும் செய்யணும். நாகஸ்வரத்துல விரல், மூச்சு, உதடு மூணும் சேர்ந்து செய்யுது. "கொஞ்சும் சலங்கை" (1962) படத்துல எஸ். ஜானகி குரலோட காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் போட்டி போடுறதை ஹெட்போன்ல கேளுங்க. எது தொண்டை, எது புல்லுன்னு சில இடத்துல ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும்.

ஹார்மோனியத்துலயும் ரீட் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, பித்தளை ரீட். ஆனா அங்க குழாய் கிடையாது. ரீட்டோட சொந்த அதிர்வெண்தான் சுருதி. அதனாலதான் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு ரீட் வேணும், அதனாலதான் அதுல கமகம் வராது. வேற வம்சம்.

என் பிளாஸ்டிக் சீவாளி

இப்போ என் கதைக்கு வர்றேன். ஒரு பழைய சீவாளியை அளந்து, கேட்ல வரைஞ்சு, காலேஜ் லேப் 3டி பிரிண்டர்ல பி.எல்.ஏ. பிளாஸ்டிக்ல அச்சடிச்சேன். பதினோரு தடவை. பார்க்க அழகா இருந்தது. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் "என்னடா இது, வாத்து மூக்கா?"ன்னு கேட்டார். நாகஸ்வரம் ஊதுற பழக்கம் எனக்கு இல்ல, அதனால லேப் கம்ப்ரஷர்லேர்ந்து காத்து குடுத்துப் பார்த்தேன். ரெண்டு "உஸ்"னுச்சு, ஒண்ணு விரிஞ்சுடுச்சு, ஒண்ணு மட்டும் ஒரு மோசமான அலறல் போட்டது. அதுதான் வெற்றின்னு நினைச்சு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன்.

பெரியவர் வாயில வெச்சார். வழக்கம்போல ஊறவைக்கிற மாதிரி கொஞ்ச நேரம் வெச்சிருந்தார், பழக்கதோஷம். ஊதினார். அலறிச்சு. குழல்ல மாட்டி ஊதினார். எல்லா விரலுக்கும் ஒரே அலறல். எடுத்து என் கையில குடுத்துட்டுச் சொன்னார், "இது குழல் சொல்றதைக் கேக்கல தம்பி. தன் பாட்டுக்குக் கத்துது."

ஒரு வரியில மொத்த டயக்னாஸிஸ். அதை நான் புத்தகத்துல தேடிக் கண்டுபிடிக்க ரெண்டு வாரம் ஆச்சு.

ரீட் குழாய்க்கு அடங்கி நடக்கணும்னா அதோட சொந்த அதிர்வெண் வாசிக்கிற சுருதியை விட நல்லா மேல இருக்கணும். சொந்த அதிர்வெண் விறைப்பையும் எடையையும் பொறுத்தது. விறைப்பு அதிகம், எடை குறைவுன்னா மேல போகும். காய்ஞ்ச நாணல் தண்ணியில பாதி அடர்த்திதான் இருக்கும். பி.எல்.ஏ. தண்ணியை விடக் கனம், சுமார் 1.24 மடங்கு. சரி, மெலிசாக்கினா? விறைப்பு மும்மடியில விழுந்துடும், உதடு தொங்கிடும். தடிமனாக்கினா மூடவே மூடாது. ரெண்டுக்கும் நடுவுல எனக்கு இடமே கிடைக்கல.

இன்னொரு விஷயத்தைப் பெரியவர் குடுத்த கிழிஞ்ச சீவாளி சொல்லிச்சு. குறுக்கே வெட்டி மெட்டலர்ஜி லேப் மைக்ரோஸ்கோப்ல வெச்சேன். மெத்தை மாதிரி செல் கூட்டம், நடுநடுவுல நீள வாக்குல நார்க் கத்தை. கான்க்ரீட்ல கம்பி போட்ட மாதிரியே இருந்தது! நீள வாக்குல விறைப்பு, குறுக்கு வாக்குல பல மடங்கு குறைவு. அதனாலதான் உதடு நீளத்துக்கு ஸ்பிரிங் மாதிரியும், அகலத்துக்கு நம்ம உதடு அழுத்துறபடி வளையிற மாதிரியும் நடந்துக்குது. தண்ணியில ஊறினா மெத்தை இளகுது, தேவையில்லாத கீச்சைத் தணிக்குது. அச்சடிச்ச பிளாஸ்டிக்ல எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே குணம். ஆத்தங்கரையில யாரும் டிசைன் பண்ணாம வளர்ந்த காம்போஸிட் அது. இதுக்கு நான் மூணு ரீல் ஃபிலமென்ட் வேஸ்ட் பண்ணியிருக்கேன்.

ஏ.சி. ஹால் மர்மமும் இங்கதான் அவிழ்ந்தது. ஏ.சி. காத்திலேர்ந்து ஈரத்தை எடுத்துடுது. வாசிக்காம அஞ்சு நிமிஷம் குழலைக் கீழே வெச்சா சீவாளி காய ஆரம்பிக்குது, விறைக்குது, வாய் கோணுது. கூடவே இன்னொரு தொல்லை. காத்துல ஒலியோட வேகம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர் மாறும். வெளியில 34 டிகிரி, உள்ளே 22 டிகிரின்னா 12 டிகிரி வித்தியாசம், ஒலி வேகம் சுமார் 2 சதவீதம் குறையும். அந்த அளவுக்குச் சுருதியும் இறங்கும், அரை ஸ்வரத்துல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல. வாசிக்க ஆரம்பிச்சதும் மூச்சோட சூடு அதுல ஒரு பகுதியை ஈடுகட்டிடும். ஆனா எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டிக்குக் குளிரே கிடையாது, அது பாட்டுக்கு நிக்கும். அந்த வித்தியாசத்தை உதட்டால தூக்கிப் பிடிக்கணும். மண்டபத்துல ஏ.சி. ஜில்லுனு இருக்குன்னு நாம சந்தோஷப்படும்போது மேடையில ஒருத்தர் இந்தச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கார்.

"தில்லானா மோகனாம்பாள்" (1968) படத்துல மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி வாசிச்சதுக்குச் சிவாஜி நடிச்சிருப்பார். அதை நாம பத்து தடவை பார்த்திருக்கோம். அடுத்த தடவை முகத்தை விட்டுட்டுக் குழல் பக்கம் பாருங்க.

சரி, பிளாஸ்டிக்கே ஆகாதா? ஆகும். கனடாவுல லெஜேர்னு ஒரு கம்பெனி சாக்ஸபோன், கிளாரினெட், ஓபோவுக்குச் செயற்கை ரீட் செய்யுது. அவங்க சூட்சுமம், பாலிபுரொப்பிலீனை ஒரே திசையில இழுத்து மாலிக்யூல் சங்கிலிகளை வரிசைப்படுத்துறது. நாணலோட நார் மாதிரியே நீளத்துக்கு விறைப்பு, குறுக்கே இளக்கம். தண்ணியை விட லேசு வேற. இதைப் படிச்ச அன்னிக்கு ஹாஸ்டல் வாசல்ல ஒரு பார்சல் கிடந்தது. அதைச் சுத்தியிருந்த பட்டையைப் பார்த்தேன். பார்சல் கட்டுற அந்தப் பட்டையும் பெரும்பாலும் இழுத்து வரிசைப்படுத்தின பாலிபுரொப்பிலீன்தான். சோதிச்சுப் பாருங்க, குறுக்கே பிய்க்கவே முடியாது, நீளவாக்குல நார் நாராக் கிழியும்.

ரெண்டு துண்டு வெட்டினேன். மேல் வரியைச் சாண்ட்பேப்பர்ல தேய்ச்சேன். ஒரு சின்னப் பித்தளைக் குழாயில ரெண்டையும் வெச்சு நூலால கட்டினேன். தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன், ஆறு ஜோடி பாழாச்சு. ஏழாவது ஊருக்கு வந்தது.

பெரியவர் திண்ணையில உக்கார்ந்திருந்தார். மாட்டினார். ஊதினார். ஸ வந்தது. விரலைத் தூக்கினார், ரி வந்தது! குழல் சொல்றதைக் கேட்டது. மேல போகப் போகக் கொஞ்சம் மூக்கால பாடிச்சு. காந்தாரத்துல ஒரு அசைவு குடுத்துப் பார்த்தார், அது மொட்டையா நின்னுச்சு. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சத்தம் வருது. நாதம் வரல." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா இது காயாதுல்ல?"

"காயாது ஐயா."

"முன்ன மாதிரி நல்ல தட்டை கெடைக்கல தம்பி. கட்டித் தர்றவங்களும் கொறைஞ்சுட்டாங்க. சிலது ஒரு மாசம் வரும், சிலது ஒரே முகூர்த்தத்துல போயிடும். புதுசாக் கத்துக்கிற பசங்க நல்ல சீவாளியைக் கடிச்சே கொன்னுடுறானுங்க. அவனுங்களுக்கு இது ஆகும். வெச்சுட்டுப் போ."

குழலுக்குப் புவிசார் குறியீடு வந்தாச்சு. தட்டைக்கும், அதைச் சீவுற கைக்கும் நம்மள மாதிரி லேப் வெச்சிருக்கிறவங்க இன்னும் பெருசா ஒண்ணும் பண்ணல. கொருக்கந்தட்டையோட விறைப்பு ஈரத்தோட எப்படி மாறுது, ஒரு நல்ல சீவாளியோட தடிமன் நுனியிலேர்ந்து அடி வரைக்கும் எப்படிப் போகுது, எத்தனை மணி நேரம் வாசிச்சா நார் களைச்சுப் போகுது, இதையெல்லாம் அளக்க நம்ம டிபார்ட்மென்ட்ல இருக்கிற மெஷினே போதும். மூணாவது வருஷத் தம்பி தங்கச்சிங்க யாராவது ப்ராஜெக்ட் டாபிக் தேடினா என்கிட்ட வாங்க. என் ஸ்கெட்ச், பாழாப்போன பதினோரு வாத்து மூக்கு, மைக்ரோஸ்கோப் போட்டோ எல்லாம் தர்றேன்.

போன வாரம் ஊருக்குப் போனப்போ பெரியவர் குழல்ல தொங்குற கொத்தைப் பார்த்தேன். என்னோடது அதுல இல்ல. கேட்டேன்.

"பேரன் எடுத்துட்டுப் போயிட்டான். பள்ளிக்கூடத்துல பீப்பி ஊதுறானாம். நேத்து டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க."